கரப்பான் உள்ள குழந்தைக்கு இட்லியை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். நான்கு வயது மகளுக்கு ஆறாவது மாதத்திலிருந்து கரப்பான் இருக்கிறது. முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் வெடித்து, இரவெல்லாம் சொறிகிறாள். கத்திரிக்காய், கருவாடு, நிலக்கடலை மூன்றும் ஆகாது என்று என் மாமியார் சொல்வதால் கொடுத்ததே இல்லை. தை மாதம் நாகப்பட்டினத்தில் உறவினர் வீட்டில் இறால் தொக்கு சாப்பிட்ட பத்து நிமிடத்தில் அவளுக்கு உதடு வீங்கி, வாந்தி வந்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பிறகு ரத்தப் பரிசோதனை செய்தோம். பால், முட்டை, கோதுமை, உளுந்து, நிலக்கடலை, இறால் ஆறுக்கும் ‘பாசிட்டிவ்’. அன்றிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இட்லிகூட இல்லை, ரசம் சாதம்தான். எடை குறைகிறது, அரிப்பு குறையவில்லை. கணவருக்கு வாங்கிய படர்தாமரைக் களிம்பைத்தான் அவளுக்கும் போடுகிறோம். அவருக்கும் அதே வாரம் மீன் சாப்பிட்டு முகம் சிவந்தது. குடும்பத்துக்கே அலர்ஜியா? ஐந்து மாத மகனுக்கும் கன்னம் சொரசொரப்பாகிறது. அவனுக்கு எதையெல்லாம் கொடுக்கக் கூடாது?

பதில்: உங்கள் மகளுக்கு இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்று கரப்பான். இன்னொன்று இறால் ஒவ்வாமை. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதால்தான் இட்லி போயிற்று, பால் போயிற்று, எடையும் போயிற்று. தோலுக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் பாதியில் நிற்க, வாய்க்குப் பூட்டுமேல் பூட்டாகப் போட்டிருக்கிறீர்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலிருந்து வரும் தாய்மார்களிடம் நான் அடிக்கடி காணும் நிலைமை இதுதான். உங்கள் மேல் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆறு ‘பாசிட்டிவ்’ அச்சடித்த தாளைக் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று சொல்லாமல் அனுப்பினால் எந்தத் தாயும் இதைத்தான் செய்வாள்.

முதலில் கரப்பான். இதன் வேர் பெரும்பாலும் தோலிலேயே இருக்கிறது. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வுக் குழு, ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் மரபணுவில் உள்ள குறைபாட்டுக்கும் கரப்பானுக்கும் உள்ள உறவைக் காட்டியது. கரப்பான் உள்ள எல்லோருக்கும் இந்தக் குறைபாடு இருப்பதில்லை. ஆனாலும் விளைவு ஒன்றுதான்: தோலின் மேலடுக்கு ஓட்டையாகிவிடுகிறது. நண்டு வளை விழுந்த வரப்பு போல. உள்ளே இருக்கும் ஈரம் கசிந்து போகிறது, வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் கிருமியும் உணவுத் துகளும் உள்ளே புகுகின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவற்றைப் பகையாகப் பார்த்து வீக்கத்தைக் கிளப்புகிறது. வீக்கம் அரிக்கிறது, சொறிந்தால் ஓட்டை பெரிதாகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரே உணவு வாய் வழியாக வயிற்றுக்குள் போனால் உடம்பு பெரும்பாலும் அதைப் பழகிக்கொள்கிறது. வெடித்த தோல் வழியாகப் போனால் பகைத்துக்கொள்கிறது. ஜப்பானில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை மிகப் பெரிய அளவில் பார்த்தார்கள். பதப்படுத்திய கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பு ஒன்றைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் அவர்கள். அதனால், உங்கள் வீட்டில் குழந்தையின் வெடித்த தோலில் என்னவெல்லாம் தேய்க்கிறீர்கள் என்று ஒரு முறை பாருங்கள். கடலை மாவு, பாசிப்பயறு மாவு, நலங்கு மாவு, செக்கில் ஆட்டிய கடலெண்ணெய், சனிக்கிழமை நல்லெண்ணெய், பாலாடை இவை எல்லாமே உணவு. நல்ல தோலுக்கு இவற்றால் கெடுதல் இல்லை, வெடித்த தோலுக்கு வேண்டாம். குப்பைமேனியும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதையும் நிறுத்துங்கள், எரிச்சல்தான் மிஞ்சும். நிலக்கடலையை அவள் வாயில் வைத்ததே இல்லை, ஆனாலும் பரிசோதனையில் நிலக்கடலைக்குப் ‘பாசிட்டிவ்’ வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் கடலை தின்ற கையோடு அவளைத் தூக்கியிருப்பீர்கள், பாயிலும் போர்வையிலும் துகள் இருந்திருக்கும். வழி அதுவாகவும் இருக்கலாம்.

இனி, தோலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மருந்துச்சீட்டில் ஒரே வரியாக எழுதப்படும் இந்த விஷயத்தில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது.

தினமும் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டுங்கள். மணமில்லாத, மென்மையான சோப்பை அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களுக்கு மட்டும் போடுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் இன்னும் ஈரப்பசையோடு இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தலை முதல் கால் வரை பூசுங்கள். முடி வளரும் திசையில் நீவிவிட வேண்டும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். பள்ளிக்குப் போகுமுன் ஒரு முறை, தூங்குமுன் ஒரு முறை. அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். இந்த வயதுக் குழந்தைக்கு உடம்பு முழுக்கப் பூச வாரத்துக்கு 250 கிராம் வரை தேவைப்படும். 50 கிராம் டியூப் ஒன்று இரண்டு மாதம் வந்தது என்று யாராவது சொன்னால், அவர்கள் பூசவே இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். விலையுயர்ந்த பிராண்டுதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளை பாரஃபின் களிம்பு, பெட்ரோலியம் ஜெல்லி போதும். அடுப்பருகே மட்டும் கவனம், பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். தேங்காய் எண்ணெயும் உணவுதான் என்றாலும், அது நல்லதே. பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வில் சுத்தமான தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்கு அலைய வேண்டியதில்லை.

சிவந்து வீங்கியிருக்கும் இடத்துக்கு இது மட்டும் போதாது, ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். இங்கேதான் இரண்டு எதிரெதிர்த் தவறுகளையும் பார்க்கிறேன். ஒரு வீட்டில் ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் டியூப்பைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு வீட்டில் ஸ்டீராய்டு என்றே தெரியாமல் மாதக்கணக்கில் போடுகிறார்கள். நீங்கள் இரண்டாவது வகை. கணவரின் படர்தாமரைக் களிம்பின் அட்டையைக் கையில் எடுத்து, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்றோடு ஜென்டாமைசின், மைக்கோனசோல் என்று இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருந்தால் அது கலவைக் களிம்பு. குளோபெட்டசால் இருப்பதிலேயே வீரியம் மிகுந்த ஸ்டீராய்டுகளில் ஒன்று. அதைக் குழந்தையின் மடிப்பில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து வரிவரியாகும். உங்கள் கணவருக்கும் அது நல்லதல்ல. படர்தாமரையின் சிவப்பும் அரிப்பும் அடங்கினாற்போல் காட்டும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும். இப்படித்தான் மருந்துக்கு மசியாத படர்தாமரை நாடு முழுக்கப் பெருகியது. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடையில் ‘அரிப்புக்கு ஒன்று கொடுங்கள்’ என்றால் இன்றும் கைக்கு வந்துவிடுகிறது.

குழந்தைக்கு ஏற்ற வீரியத்தில், முகத்துக்கு வேறு, உடம்புக்கு வேறு என்று மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டுக்குப் பயப்பட வேண்டாம். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணுவின் நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்கு அது போதும். தினமும் ஒரு வேளை, சிவப்பு அடங்கும் வரை. அடங்கியதும் எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை யாரும் கேட்பதில்லை.

மஞ்சள் பொருக்கு தட்டினாலோ, சீழ் வைத்தாலோ கிருமி தொற்றியிருக்கிறது. சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்து வலியோடு காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் இரவில் அரிக்கிறதா? விரலிடுக்கு, தொப்புள், அக்குளில் பொரிப்பொரியாக இருக்கிறதா? இருந்தால் அது கரப்பானோடு சேர்ந்த சொறிப்பூச்சியாக இருக்கலாம். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய சில தொல்லைகளும் உண்டு. மார்கழிப் பனியில் தோல் வறளும், சித்திரை வெயிலில் வியர்வை அரிக்கும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது நெல் சுணையும் வைக்கோல் தூசியும் பறக்கும் களத்துக்கு அவளைக் கூட்டிப்போகாதீர்கள். நைலான் சரிகை வைத்த பாவாடைக்குப் பதில் பருத்தி. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கடைமடைப் பகுதியின் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி, தண்ணீரை மென்மையாக்கும் கருவி விற்க வருவார்கள். கடின நீர் உள்ள ஊர்களில் கரப்பான் சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் 300-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் வீடுகளில் அந்தக் கருவியைப் பொருத்திச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். கரப்பானில் சொல்லும்படியான பலன் இல்லை. அந்தப் பணத்துக்குக் களிம்பு வாங்குங்கள்.

இனி அந்த ஆறு ‘பாசிட்டிவ்’. அந்தப் பரிசோதனை, குறிப்பிட்ட உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். அந்த உணவு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று அது சொல்வதில்லை. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ரத்தத்தில் உணவு எதிர்ப்பொருள் இருந்தவர்கள் நூற்றுக்கு 26 பேருக்கு மேல். உண்மையான ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 சதவீதம்தான். கரப்பான் உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் எதற்கெடுத்தாலும் தலைகாட்டும். ஐ.ஜி.ஜி. என்று இன்னொரு பரிசோதனையை நூறு உணவுக்குச் செய்து தருகிறார்கள். அதற்குக் காசைக் கொடுக்கவே வேண்டாம், ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அது உதவாது.

உண்மையான உடனடி ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கக் கடிகாரம்தான் முதல் சாட்சி. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு வர வேண்டும். அதே உணவைச் சாப்பிடும்போதெல்லாம் வர வேண்டும். உங்கள் மகளின் இறால் சம்பவம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. உளுந்து? ஒரு வயதிலிருந்து தினமும் இட்லி சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை என்றால் உளுந்து ஒவ்வாமை அவளுக்கு இருந்ததில்லை. பாலும் கோதுமையும் முட்டையும் சிக்கலின்றிச் சாப்பிட்டு வந்திருந்தால் அவற்றுக்கும் இதுதான் கணக்கு. கடுமையான கரப்பான் உள்ள சிறு குழந்தைகளில் சிலருக்கு பால், முட்டை போன்றவை கரப்பானைத் தாமதமாகக் கிளப்புவது உண்டு. அப்படிச் சந்தேகப்பட்டாலும் ஒரே ஒரு உணவை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. ஆறையும் சேர்த்து மாதக்கணக்கில் நிறுத்தினால் எதுவும் தெரியவராது. ரசம் சாதத்திலேயே வளரும் குழந்தைக்குப் புரதம் குறைந்து கால் வீங்கும் நிலைகூட வரலாம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு இன்று இரவே இட்லி ஊற்றிவிடாதீர்கள். எதிர்ப்பொருள் உள்ள குழந்தைக்கு ஓர் உணவை நெடுநாள் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை சிலருக்குப் புதிதாகக் கிளம்புவதுண்டு. பயப்படுத்தச் சொல்லவில்லை, நிறுத்துவதும் ஆபத்தில்லாத காரியமல்ல என்று காட்டவே சொல்கிறேன். ஆகவே முதல் வாய் மருத்துவமனையில் நடக்கட்டும். சிறு துண்டில் தொடங்கி, இடைவெளி விட்டு அளவைக் கூட்டி, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. சந்தேகத்தைத் தீர்ப்பதில் அதற்கு மிஞ்சிய பரிசோதனை இல்லை. இட்லி, பால், கோதுமை, முட்டை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். நிலக்கடலையை அவள் தின்றதே இல்லை என்பதால் அதை வீட்டில் சோதிக்கவே கூடாது. பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பசும்பால் ஒவ்வாமை உண்மையாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் ஒத்துக்கொள்ளாது.

கத்திரிக்காயும் கருவாடும் சிலருக்கு அரிக்கும் என்பதில் உங்கள் மாமியார் சொல்வது முழுக்கத் தவறல்ல. இரண்டிலும் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் இருக்கிறது. தின்றால் அரிப்பவர்கள் விட்டுவிடலாம். எல்லாக் கரப்பான் குழந்தைக்கும் சட்டமாக வேண்டியதில்லை.

கணவரின் கதை வேறு. அன்று சாப்பிட்ட மீன் கானாங்கெளுத்தியா, சூரையா, மத்தியா? உடன் சாப்பிட்ட வேறு யாருக்கும் முகம் சிவந்து தலைவலி வந்ததா? ஆம் என்றால் அது ஒவ்வாமையே அல்ல. பிடித்த உடனே ஐஸில் வைக்காத இந்த வகை மீன்களில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. குற்றவாளி அந்த மீன் கிடந்த வெயில், அவர் உடம்பு அல்ல. நல்ல மீனை அவர் மறுபடி சாப்பிடலாம்.

மகளுக்கு இறால் அறவே கூடாது, பரிசோதனை முடியும் வரை நண்டும் வேண்டாம். இரண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே புரதம் இருக்கிறது, சமைத்தாலும் அது அழியாது. மீனின் ஒவ்வாமைப் புரதம் வேறு, அதனால் இறாலுக்காக மீனை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இறால் பொரித்த எண்ணெயில் மீன் பொரித்தால் பயனில்லை. சென்னாங்குன்னியும் இறால்தான், கருவாட்டுக் குழம்பில் கரண்டியோடு வந்துவிடும். கல்யாணப் பந்தியில் சமையற்காரரையே நேரில் கேளுங்கள், பரிமாறுபவருக்குத் தெரியாது. பாக்கெட் உணவுகளில் இறால், நண்டு, மீன், முட்டை, பால், கடலை, சோயா, கோதுமை ஆகியவை இருந்தால் அட்டையில் தெரிவிக்க வேண்டும் என்று நம் நாட்டு உணவுச் சட்டம் சொல்கிறது. பந்திக்கு அட்டை கிடையாது. பரிசோதனையில் கோதுமை ஒவ்வாமை உண்மை என்றே தெரியவந்தால், சப்பாத்தியோடு கூட்டுப் பெருங்காயத்தையும் பாருங்கள். பலவற்றில் மைதா கலந்திருக்கும். நீங்கள் தினமும் வைக்கும் ரசத்திலேயே அது இருக்கும்.

மறுபடி ஒரு முறை தவறி இறால் உள்ளே போய், தடிப்போடு மூச்சுத் திணறலோ, தொடர் வாந்தியோ, குரல் மாற்றமோ, சோர்ந்து சரிவதோ வந்தால் தேவை அட்ரினலின் ஊசி. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லிகிராம். நம்மூரில் ‘அலர்ஜி ஊசி’ என்று அவிலும் டெக்ஸாமெத்தசோனும் போட்டு அனுப்புவது வழக்கம். அவை அரிப்பைத் தணிக்கும், உயிரைக் காப்பாற்றும் வேகம் அவற்றுக்கு இல்லை. தடுப்பூசி போடும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரினலின் இருக்கும். எங்கே, எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள் என்று இப்போதே போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழையுங்கள். வரும்வரை படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு திணறினால் உட்காரவையுங்கள், நடக்கவிடாதீர்கள். ஊசி போட்டுத் தெளிந்ததும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை வரலாம்.

கைக்குழந்தைக்கு இதுவே நல்ல நேரம். கன்னத்துக்கு இன்றே களிம்பைத் தொடங்குங்கள். ஆறு மாதம் ஆனதும் இணை உணவோடு முட்டையும் நிலக்கடலையும் தள்ளிப்போடாமல் வரட்டும். லண்டனில் 640 கைக்குழந்தைகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே நிலக்கடலை கொடுத்து வந்ததில், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. தள்ளிப்போடுவதே பாதுகாப்பு என்று பல காலம் சொல்லிவந்த அறிவுரையைப் புரட்டிப்போட்ட ஆய்வு அது. முழுக்கடலை கூடவே கூடாது, புரையேறும். வறுத்து நைசாக அரைத்து, கஞ்சியில் நீர்க்கக் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அவன் கன்னம் மோசமாகி உடம்பெல்லாம் பரவினால், முதல் கடலைக்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு, குழந்தைகள் பிரிவு இரண்டிலும் காட்டுங்கள். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்யச் சொன்னால், அரிப்பு மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள், இல்லாவிட்டால் முடிவு தவறாகிவிடும். போகும்போது ரத்தப் பரிசோதனைத் தாள், இதுவரை போட்ட எல்லாக் களிம்பு டியூப்களும் அட்டையோடு, இறால் சாப்பிட்ட அன்று வந்த தடிப்பைப் படம் எடுத்திருந்தால் அது, அவள் எடை எழுதிய தடுப்பூசி அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எந்தெந்த உணவை எந்த மாதம் வரை தொந்தரவில்லாமல் சாப்பிட்டாள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆறில் எவற்றை முதலில் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.